அளவெடுக்க உட்கார்ந்தவள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடை. அதன் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மெஷினும் ஒரு ட்யூப் லைட்டுமாக இருபத்திரண்டு வருஷமாக ஆல்டரேஷன் பார்ப்பவள் சிலுவையம்மாள். ஆள் கடைக்குள் நுழையும்போதே இடுப்பு முப்பத்தாறா முப்பத்தெட்டா என்று சொல்லிவிடுவாள். டேப் வைத்துப் பார்ப்பதெல்லாம் வாடிக்கையாளரின் திருப்திக்குத்தான். அப்படிப்பட்ட கண், தன் வீட்டு முன்ரூமில் ஆறு வருஷமாக உருவாகிக்கொண்டிருந்த ஒன்று யார் உடம்புக்கு உருவாகிறது என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டது.

ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. முன்ரூமை ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருந்தார்கள்; அதனால் தெருவைப் பார்த்து ஒரு ஷட்டர் இருந்தது. கடைக்காரர் காலி செய்தபின் அவள் கணவன் இக்னேஷியஸ் அதை வேறு யாருக்கும் விடவில்லை. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் அவன். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கிரேன்களின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்து மாட்டுவதே முப்பது வருஷத்துப் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது கேட்டான்: "கெட்டுப்போனதெல்லாம் சரிபண்ணிட்டேன் சிலுவ. நானா செஞ்சதுன்னு ஒண்ணாவது கீதா?"

அவள் மீன் வாங்கிப் போகும் நினைப்பில் இருந்தாள். "செய்யேன், யாரு வாணான்னது" என்றாள். அந்தப் பேச்சை அவன் அனுமதிக் கடிதம்போல ஆறு வருஷம் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

அவன் செய்ய எடுத்துக்கொண்டது நூறு வருஷத்துக்கு முந்தைய புகாட்டி என்ற பிரெஞ்சுப் பந்தயக் கார். குதிரைலாடம் போல முகம், சுருட்டு நுனி போலக் குவிந்த பின்பக்கம், நீல நிறம். அசலைக் கிட்டத்தில் நின்று பார்க்கவே கொடுத்து வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டிகளை வீட்டிலேயே நகல் எடுக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது என்றும் அவன் கண்டுபிடித்தான். போலந்து நாட்டுப் பள்ளி வாத்தியார் ஒருவர் வரைபடம் அனுப்பினார். தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில், காதுகுத்து பேனருக்கும் கட்சிக்காரர் பிறந்தநாள் பேனருக்கும் நடுவே, வண்டியின் முழு நீளத்துக்கு அதை அடித்து வாங்கி வந்து சுவரில் மாட்டினான். பன்னிரண்டு அடி. யேசுவின் திருஇருதயப் படம் சமையலறைப் பக்கம் இடம்பெயர்ந்தது.

புதுப்பேட்டையில் பிரித்துப் போட்டிருந்த பழைய பத்மினி காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் வந்தன. திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் எட்டுக் கம்பி போட்ட அலுமினியச் சக்கரங்கள் வார்த்து வந்தன. உடம்புத் தகட்டை டோல்கேட்டில் டிங்கரிங் பார்க்கும் பொன்ராஜ் அடித்துக் கொடுத்தான். மணல் மூட்டை மேல் அலுமினியத்தை வைத்து மரச்சுத்தியலால் வளைத்து வளைத்து, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு துண்டு. சமையலறைக்குப் போக சிலுவையம்மாள் பின் ஆக்சிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டப் பழகிவிட்டாள்.

ஓட்டுகிறவர் உட்காரும் இடம் மட்டும் வரைபடத்தில் காலியாக இருந்தது. உட்காருகிறவர் அளவுக்கு வைத்துக்கொள்ளவும் என்று வாத்தியார் எழுதியிருந்தார். இக்னேஷியஸும் அப்படியே செய்தான். உட்கார்ந்தது யார் என்பதில்தான் வந்தது வினை. டேப்பை அவன் பிடிக்க வேண்டும், சாக்பீஸால் அவன் கோடு போட வேண்டும், உட்கார வேறொருவர் வேண்டும். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே குரல் வரும்: "சிலுவ, ஒரு நிமிசம் வந்து குந்து."

செங்கல் மேல் பலகை. அதில் அவள் உட்கார்வாள், மடியில் அவரைக்காய்த் தட்டோடு. சும்மா உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. அவள் முதுகுக்கும் மிதிக்கும் நடுவே அவன் அளப்பான், தோளிலிருந்து கைக்கு அளப்பான், கண்ணுக்கு நேராகச் சுவரில் கோடு போடுவான். "எனுக்கு நாலு இஞ்ச் கூட்டிக்கணும்" என்பான். "அப்பால கூட்டிக்கலாம்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வான். அப்புறம் வெல்டிங் வைக்கும் அவசரத்தில் சுவரில் இருக்கும் கோட்டைத்தான் பார்ப்பான். இருக்கை ஒரு வருஷம், மிதிகள் அடுத்த வருஷம், ஸ்டீரிங் அதற்கடுத்த வருஷம். அந்த ஸ்டீரிங்கின் உயரம் அவரைக்காய்த் தட்டு இடிக்காத உயரம்.

இந்த வருஷம் புத்தாண்டு கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நீல பெயின்ட் காய்ந்த பிறகு, அவன் முதல்முறையாக ஏறி உட்காரப் போனான். பொன்ராஜும் வந்திருந்தான். இக்னேஷியஸ் நல்ல வாட்டசாட்டமான ஆள். ஐம்பத்தேழு வயது, தொப்பை உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் சங்கிலிக் கொக்கி விழுந்ததில் வலது முழங்கால் முழுசாக மடங்காது. இடது காலை உள்ளே விட்டான். இடுப்பை இறக்கினான். பாதியில் நின்றது. மூச்சை உள்ளே இழுத்து இன்னும் இறக்கினான், உட்கார்ந்தும்விட்டான். ஆனால் வலது முழங்கால் டாஷ்போர்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்தது போல மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"மாமு, உன்ன எடுக்கணும்னா ஹார்பர் கிரேன் தான் கொண்டாரணும்" என்றான் பொன்ராஜ். ஸ்டீரிங்கைக் கழற்றித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. சட்டைப் பித்தான் ஒன்று உள்ளே விழுந்தது, அதை யாரும் தேடவில்லை.

சிலுவையம்மாள் பையிலிருந்து தன் டேப்பை எடுத்தாள். இருக்கையின் அகலத்தை அளந்தாள். முதுகிலிருந்து கிளட்சுக்கு அளந்தாள். ஒவ்வொரு அளவும் அவளுக்குத் தெரிந்த அளவு. தன் ஜாக்கெட்டையும் பாவாடையையும் தானே வெட்டித் தைக்கிறவள் ஆயிற்றே.

"இது என் அளவுயா" என்றாள்.

இக்னேஷியஸ் சுவரிலிருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தான். அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கடையில் யார் வந்தாலும் போட்டுப் பார்க்காமல் அனுப்ப மாட்டாள். இந்த ஆளை ஒரே ஒரு முறை பலகையில் உட்காரச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். துணியாக இருந்தாலும் பரவாயில்லை, உள்தையல் விட்டிருப்பார்கள், பிரித்து விடலாம். அலுமினியத்தில் எதைப் பிரிப்பது. நடு உடம்பை முழுக்க வெட்டி, கீழே சட்டத்தையும் அகலப்படுத்தி, மறுபடி தகடு அடிக்க வேண்டும், எப்படியும் அடுத்த வருஷப் பொங்கல் ஆகிவிடும் என்று பொன்ராஜ் சொன்னான்.

அவ்வளவு நேரம் இல்லை. பிப்ரவரி கடைசி ஞாயிறு, ரெட்ஹில்ஸ் தாண்டி ஒரு கல்லூரி வளாகத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு. நகல் வண்டிகளையும் இந்த முறை சேர்த்திருந்தார்கள். அதில் இரண்டு வகை. ஓடுகிற வண்டி, நிற்கிற வண்டி. ஓடுகிற வண்டி தன் சொந்த இன்ஜினில் வளாகத்தை மூன்று சுற்று வர வேண்டும். யாராவது கை வைத்துத் தள்ளினால், அதோடு அது நிற்கிற வண்டி; ஓரமாகக் கொண்டுபோய்க் கயிறு கட்டிவிடுவார்கள். இக்னேஷியஸ் 'ஓடும் வண்டி' என்ற கட்டத்தில் டிக் அடித்து, ஓட்டுபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி அனுப்பி மூன்று மாதம் ஆகிறது.

"விடு, கயிறு கட்டி நிக்க வெப்போம். நாலு பேரு போட்டோ எடுத்துகினு போவாங்க" என்றான் அன்றைக்கு. அதன்பின் மூன்று நாள் ஷட்டரைத் தூக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், டிவியில் ஏதோ பார்த்தான். வீட்டில் சுத்தியல் சத்தமே இல்லை. ஆறு வருஷம் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே சமைத்தவளுக்கு இப்போது சாம்பாரில் உப்புப் போட்டோமா என்பதே மறந்துபோயிற்று. போட்டோ எடுக்கவா இத்தனை வருஷம் ஆக்சிலைத் தாண்டினேன் என்று நினைத்தாள். நிற்கிற வண்டி வேண்டும் என்றால் ஃப்ளெக்ஸே போதுமே.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் விவரம் கேட்டு வந்தாள். அன்று மாலை, சாப்பாடு போட்டபடியே சொன்னாள்.

"ஃபாரத்துல பேரு மாத்து."

"யாரு பேரு?"

"வண்டி யாருக்கு சரியா கீதோ அவ பேரு."

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான். அவள் ஸ்கூட்டியைத் தவிர எதையும் ஓட்டியதில்லை, இந்த வண்டியின் கிளட்சை மிதிக்க யானைக் கால் வேண்டும் என்றான். இருபத்திரண்டு வருஷமாக மெஷின் மிதிக்கிற கால் இது என்றாள். தெருவே சிரிக்கும் என்றான்.

"ஆறு வருசமா சிரிச்சிகினு தான் கீறாங்க. உனுக்குத் தான் சுத்தியல் சத்தத்துல கேக்கல."

தட்டில் இருந்த சோற்றை அவன் கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் ஓட்டணும்னு தான் செஞ்சேன் சிலுவ."

அவன் சொன்னது உண்மைதான். அவள் எழுந்து கை கழுவிவிட்டுப் போய், பீரோவில் ஆதார் கார்டைத் தேடி எடுத்து வைத்தாள்.

எல்.எல்.ஆர். வந்தது. ஃபாரத்தில் ஓட்டுபவர் பெயரை இக்னேஷியஸே மாற்றி அனுப்பினான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவள் சாபிரா. முப்பது வயதுப் பெண், வாயில் எப்போதும் ஏலக்காய். காலை ஆறரை மணிக்கு, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற அந்தச் சாலையில்தான் முதல் பாடம். ஒவ்வொரு லாரி எதிரே வரும்போதும் சிலுவையம்மாளின் கண் தானாக மூடியது. "யக்கா, நீ கண்ண மூடினா லாரி மறஞ்சா பூடும்? தொறந்து வெச்சிகினே பயப்படு" என்றாள் சாபிரா. டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றுபோய், பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு தண்ணி லாரியும் ஹாரனை அழுத்திப் பிடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது காலுக்குப் புரிந்தது. கடையில் கூட வேலை பார்க்கும் கன்னியம்மா, ரேஸ்கார மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஜிப் மாற்ற வந்த பேன்ட்களை மேடத்தின் பார்வைக்கு என்று சொல்லி நீட்டுவாள். சிலுவையம்மாள் வாங்கி மாற்றிக் கொடுத்தாள். பிப்ரவரி பத்தாம் தேதி லைசென்ஸ் தேர்வில் பாஸ்.

ஆனால் மாருதி கார் வேறு, முன்ரூமில் நின்றது வேறு. நீல வண்டிக்கு ரோட்டில் போக அனுமதி கிடையாது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அங்கே மேஸ்திரியாக இருந்தவன் இக்னேஷியஸின் பழைய தோஸ்து. பிப்ரவரி முதல் ஞாயிறே, லைசென்ஸ் தேர்வுக்கு முன்னாலேயே, பதினாலடி ஈச்சர் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். இக்னேஷியஸும் வந்தான். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்தவன் போலத் தள்ளி நின்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கியர் கம்பி வண்டியின் உடம்புக்கு வெளியே, வலது பக்கம். கையைத் தொங்கவிட்டாள், கம்பி கைக்குள் வந்து நின்றது. எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை. முதல் கியரில் வண்டி தவளை போலக் குதித்து நின்றது. நான்கு முறை அப்படி. ஐந்தாவது முறை யார்டின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பியது. தள்ளி நின்றவனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கிளட்சை விடு, பிடி, இன்ஜினைக் கேள், காது எங்கே போயிற்று என்று கத்த ஆரம்பித்தான். அவளும் திருப்பிக் கத்தினாள். மேஸ்திரி டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லை.

வெயில் ஏறினால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும் வழக்கம் இருந்தது. அப்போதெல்லாம் இக்னேஷியஸ் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, அவளை இறங்கச் சொல்லி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, வெளியிலிருந்தே குனிந்து எதையோ அழுத்தி ஸ்டார்ட் செய்து கொடுப்பான். எதை என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறு இப்படிப் போனது.

அணிவகுப்பு அன்று பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. தொப்பி போட்ட கனவான்கள், பளபளவென்று துடைத்த வண்டிகள். சிலுவையம்மாள் சுடிதாரில் வந்திருந்தாள். துப்பட்டா வேண்டாம் என்று சாபிரா பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஹெல்மெட் கொஞ்சம் பெரிசு. மைக்கில் அவள் பெயரைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற ஒருவர் இக்னேஷியஸிடம், நீங்கள் ஓட்டவில்லையா என்று கேட்டார்.

"வண்டி அவங்க அளவு சார்" என்றான் அவன். முகத்தில் எதையும் காட்டவில்லை.

முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் முன்னால் ஒரு பெரிய அமெரிக்கக் கார், ஊர்வலத்தில் சப்பரம் போகிற வேகத்தில் போயிற்று. தாண்டக் கூடாது என்பது விதி. பின்னால் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் கொதித்தது. மாணவர் விடுதி வளைவில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

கொடி பிடித்திருந்த ஆள் ஓடிவந்தார். "தள்ளட்டுமா மேடம்?"

"கைய வெக்காதீங்க" என்றாள். சாவியைத் திருகினாள். இன்ஜின் முக்கியது, பிடிக்கவில்லை. இன்னொரு முறை திருகினாள், அதேதான். மூன்றாவது தடவைக்கு பேட்டரி இறங்குகிற சத்தம் கேட்டது. பின்னால் வந்த வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கனவான் கையசைத்து அனுதாபம் தெரிவித்தார். எல்லாரும் மூன்றாவது சுற்றை முடிப்பதற்குள் கிளம்பாவிட்டால் ஓரம் கட்டிவிடுவோம் என்று கொடிக்காரர் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜனங்களை நிறுத்தியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் இக்னேஷியஸ் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தான். அவளுக்கு நேராக வந்ததும் நின்றான். உள்ளே வர முடியாது. கத்தினாலும் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்காது. உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அழுத்தினான். பொறு.

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு வண்டி போயிற்று, இன்னொன்று போயிற்று. தொட்டுவிட வேண்டும் என்று விரல் பரபரத்தது. அவன் கை இறங்கவே இல்லை. அப்படியே நின்றது. கொடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்றின் கடைசி வண்டியும் வளைவைத் தாண்டிய பிறகு, இக்னேஷியஸ் மடங்காத அந்த வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தான். மிதித்த காலை எடுக்கவில்லை. அப்படியே அழுத்திக் காட்டினான்.

யார்டில் அவன் குனிந்து அழுத்தியது எதை என்று இப்போது புரிந்தது. அவள் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினாள். கரும்புகை ஒன்று பின்னால் வெடித்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மிச்ச அரைச் சுற்றும் மூன்றாவது சுற்றும் அவள் தனியாகவே வந்தாள். மற்ற வண்டிகளெல்லாம் போய் நின்றுவிட்டன. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கை தட்டியவர்கள் மொத்தம் பத்துப் பேர் இருப்பார்கள். மற்ற எல்லாரும் ஜூஸ் கடைப் பக்கம் போயிருந்தார்கள். சாபிரா மட்டும் விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். 'மூன்று சுற்று, சொந்த இன்ஜினில்' என்று ஒருவர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது ஈச்சரின் முன்சீட்டில் டிரைவர், நடுவில் சிலுவையம்மாள், ஜன்னலோரம் இக்னேஷியஸ். பின்னால் வண்டி கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தது. மூலக்கடை வந்ததும் அவன் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்:

"ஓடும்போது இன்னா மாதிரி கீது?"

முதல் கியரில் மாட்டுவண்டி மாதிரி என்றாள். ரெண்டாவதில் சத்தம் எல்லாம் முதுகுப் பக்கம் போய்விடுகிறது என்றாள். மூன்றாவதைச் சொல்ல யோசித்தாள்.

"துணி நேரா போகும்போது மெஷினு கைக்கு ஒண்ணுமே சொல்லாது பாரு. தானா போவும். நாம சும்மா கூட கீறோம். அந்த மாதிரி."

"எத்தினி வாட்டி அப்டி போச்சி?"

"மொத ரவுண்டுல ஒருக்கா. கடைசில, முன்னாடி யாரும் இல்லாதப்ப, ரொம்ப நேரம்."

அவன் தலையாட்டினான். சிக்னலில் லாரி நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"அந்தக் கடைசி ரவுண்ட மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் விடுதி வளைவிலிருந்து ஆரம்பித்தாள்.